மஞ்சள் அட்டையும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

இந்த ஆண்டு கல்லூரியில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று துறைத் தலைவர் போனில் கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். பாட வழியில் எம்.இ. படிப்பதா, ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். படிப்பதா என்று மாணவர்கள் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் உயர்கல்வி ஆலோசகராக இருந்தவள் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார். அந்தப் பத்தொன்பது வருடமும் நான் சொன்ன ஆலோசனைகளைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை போலிருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பருப்பு, சாம்பார், புளிசேரி, பாயசம் என்று வரிசையாக வரும். எப்போது எழும்பலாம் என்பது உட்காரும்போதே தெரியும். எம்.இ. அப்படிப்பட்டது. இரண்டு வருடம், இத்தனை பாடம், இத்தனை தேர்வு, கடைசியில் ஒரு புராஜெக்ட். ஆராய்ச்சி வழி என்பது அடுக்களைக்குள் போவது. பாடங்கள் நாலைந்துதான். மீதிக் காலம் முழுக்க ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பு பற்றுமா என்பதே உள்ளே போன பிறகுதான் தெரியும். இதில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று கிடையாது. பந்தியில் உட்கார வேண்டியவனை அடுக்களைக்குத் தள்ளுவதும், அடுக்களைக்குப் போக வேண்டியவளைப் பந்தியில் அமுக்கி உட்கார வைப்பதும்தான் தப்பு. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதவே துணிந்தேன்.

நான் தக்கலைக்காரி. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெளியூரிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் அரண்மனையைக் காட்டுகிற பொறுப்பு என் தலையில் விழும். வந்தவர்கள் கட்டிலையும் கண்ணாடியையும் பார்ப்பார்கள். நான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை வருடமாக இந்த மரங்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்கிக்கொண்டு நிற்கின்றன என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பி.இ. முடித்தபோது இதைத்தான் ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டு எங்கள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். வெளியூரில் ஒரு பெரிய இடத்தில் ஆராய்ச்சி வழிப் படிப்பு இருந்தது. அவர் கடிதம் கொடுத்தால் போதும். ஆராய்ச்சி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ஆராய்ச்சியா? அது எப்பம் முடியும்ணு படைச்சவனுக்கே தெரியாது. நீ எம்.இ.க்குப் போ பிள்ளே. ரெண்டு வருஷம். கையில சர்ட்டிபிகேட்டு, கழுத்துல தாலி.”

“சரி சார்” என்றேன். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு என்மேல் பிரியம் அதிகம். எம்.இ.க்கு அருமையான ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் எம்.இ.யில் தங்கப் பதக்கம் வாங்கினேன். அந்தப் பதக்கம் இப்போதும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், என் கொழுந்தனார் சவூதியிலிருந்து கொண்டுவந்த டீ செட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரு தடவைகூட வெளியே எடுத்து உபயோகித்ததில்லை.

பிறகு நம் கல்லூரியிலேயே ஆசிரியையாகி, உயர்கல்வி ஆலோசகரும் ஆனேன். ஆனவுடன் முதல் காரியமாக ஒரு அட்டை தயாரித்தேன். மஞ்சள் நிறச் சார்ட்டில் நாலு கட்டம், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள். “மதிப்பெண் நன்றாக உள்ளதா?” “சீக்கிரம் வேலை வேண்டுமா?” “கல்லூரி ஆசிரியர் ஆக விருப்பமா?” “தேர்வு என்றால் பயமா?” முதல் மூன்று கட்டத்தில் எதற்கு ஆமாம் என்றாலும் அம்பு எம்.இ.க்குப் போகும். கடைசிக் கட்டத்துக்கு ஆமாம் என்றால் மட்டும் ஆராய்ச்சிக்குப் போகும். நாகர்கோவிலில் கொடுத்து லேமினேட் செய்து என் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஒரு மாணவனுக்கு நாலு நிமிடத்துக்குமேல் ஆகாது. மற்றத் துறைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது எனக்கு இருந்த தலைக்கனத்தை அந்தக் கதவு எப்படித்தான் தாங்கியதோ தெரியவில்லை.

கடைசிக் கட்டத்தின் வழியாகப் போன ஒருவனின் கதையைச் சொல்ல வேண்டும். நல்ல பையன்தான். தேர்வு என்றாலே அவனுக்குக் காய்ச்சல் வரும். “மக்ளே, ஆராய்ச்சியில பரீட்சை ரொம்பக் குறைவு, ஒனக்கு அதுதான் எளுப்பம்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது நாலு வருடம் இழுத்தது. ஒரு நாள் தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் என்னைப் பார்த்தவன், எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “பரீட்சைன்னா ஒரு நாளு முடிஞ்சிரும் மேடம். இது முடியவே மாட்டேங்குது. தெனமும் காய்ச்சல் மாதிரியே இருக்கு.” நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த இருக்கையில் உட்கார எனக்குத் தகுதி இல்லை என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் இறங்கும்வரை உட்கார்ந்துதான் வந்தேன். அட்டையையும் மாற்றவில்லை.

இனி ஷைனியின் கதைக்கு வருகிறேன்.

ஷைனி இனயத்துக்கு அடுத்திருக்கிற ஒரு கடற்கரை ஊர்ப் பிள்ளை. அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் கரைக்கு வர ஒரு மாதத்துக்குமேல் ஆகும். இறுதியாண்டில் அவள் வகுப்புக்குக் கடற்கரைப் பொறியியல் பாடம் நான் நடத்தினேன். நான் படித்தது கட்டடங்கள். அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்பதால் என் தலையில் கட்டினார்கள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தூண்டில் வளைவு பற்றிய பாடம். கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி நீளமாக ஒரு சுவர்போல் கட்டுவார்களே, அதுதான். அதைக் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் மணலை அரிக்கும் என்று போர்டில் படம் போட்டேன். ஷைனி எழுந்து நின்றாள்.

“மேடம், எங்க ஊருல ரெண்டு பக்கமும் மண்ணு போவுது. எங்க வீடு ஒரு பக்கம், எங்க சித்தி வீடு மறுபக்கம். ரெண்டு வீட்டு முற்றமும் போச்சு. அது ஏன் மேடம்?”

எனக்குத் தெரியாது. “தெரியாது” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதற்குப் பதிலாக, கையில் இருந்த சாக்பீஸால் போர்டைத் தட்டி, “அது சிலபஸ்ல இல்ல. உக்காரு” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்வரிசையில் அமைதியாக இருந்து முதல் மதிப்பெண் வாங்கினாள். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் அவளுக்கு எம்.இ. படிக்க ஒரு நல்ல இடம் கிடைத்தது. நானே ஆசைப்பட்டாலும் கிடைத்திருக்காத இடம். ஆனால் அவள் மனது வேறு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சி வழிப் படிப்பில் இருந்தது. அங்கே போனால்தான் தன் ஊர்க் கரையையே எடுத்துப் படிக்க முடியும் என்றாள். சிக்கல் தேதியில்தான் இருந்தது. எம்.இ. இடத்தை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கணினியில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்துவிட்டால் ஆராய்ச்சிக்கு எடுக்க மாட்டார்கள். உறுதி செய்யாவிட்டால் எம்.இ. இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆராய்ச்சிக்கான நேர்காணலும் அதே வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு. முடிவு அன்றைக்கே தெரியாது.

நான் யோசிக்கவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அட்டையில் விரலை வைத்தேன். “மதிப்பெண் நன்றாக உள்ளதா? ஆமா. அம்பு எங்க போவுது பாரு.”

“எதுக்கும் இண்டர்வியூவும் குடுத்துப் பாக்கேன் மேடம். அவங்களுக்கு ஒரு லெட்டர் மட்டும் வேணும்” என்றாள்.

பரிந்துரைக் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என்னிடம் ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது. பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் முடிந்தது. பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நேர்காணல் இணையம் வழியாக. அவள் வீட்டில் நெட் நிற்காது என்பதால் என் அறையிலேயே நடத்த ஏற்பாடு செய்தேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நான் வேறு யாரோ இல்லையே, ஆசிரியைதானே என்று என் மனது எனக்கு அனுமதி கொடுத்துவிட்டது. கரண்ட் போனால், நெட் அறுந்துபோனால் யார் பார்ப்பது என்று ஒரு சாக்கு வேறு. பீரோவுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும் என்று நிறுத்திவிட்டோம். மே மாதம். என் உடம்புக்கு அந்த இடம் போதாது. ஒரு கால் பீரோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. நல்லவேளையாகக் கேமரா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஷைனி தடுமாறாமல் பதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைவராக இருந்தவர், குரலை வைத்துப் பார்த்தால், வயதானவர், தமிழ்க்காரர். அவர் ஒரு தாளை எடுக்கிற சரசரப்புக் கேட்டது.

“உங்க டீச்சர் எழுதின லெட்டர் இருக்கு. வாசிக்கேன், கேளுங்க. ‘இவர் அடக்கமானவர். ஆசிரியர் சொல்லைத் தட்டாதவர். வகுப்பில் தேவையற்ற கேள்விகள் கேட்டு நேரத்தை வீணாக்காதவர்.’” தாளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “ஏம்மா, இங்க நாங்க சம்பளம் வாங்கிட்டு அதத்தான் செய்துகிட்டு இருக்கோம். கேள்வியே கேக்காத பிள்ளைய வச்சு நாங்க என்ன செய்ய?”

பீரோவின் பின்னால் எனக்கு வியர்த்து ஊற்றியது. அந்த மூன்று வாக்கியத்தையும் நான் உயர்ந்த பாராட்டு என்று நினைத்து எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஷைனி நாற்காலியை மேசைக்குக் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். பிறகு சொன்னாள். “ஒரு கேள்வி கேட்டிருக்கேன் சார்.” தூண்டில் வளைவையும், இரண்டு பக்கமும் மணல் போவதையும், சித்தி வீட்டு முற்றத்தையும் சொன்னாள். மூன்று பேரும் நாற்காலியில் நிமிர்ந்தது அவர்கள் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. எந்த மாதத்தில் அதிகம் போகிறது, கல் எந்தத் திசையில் போட்டிருக்கிறது என்று மாறி மாறிக் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனையும் அவளிடம் இருந்திருக்கிறது. நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அப்போது தலைவர் கேட்டார். “நல்லது. இதுக்கு உங்க டீச்சர் என்ன பதில் சொன்னாங்க?”

ஷைனியின் பார்வை அரை நொடி பீரோப் பக்கம் வந்து திரும்பியது.

“மேடம்... பாத்துச் சொல்லுகேன்னாங்க சார்.”

“பாத்தாங்களா?”

“ஆமா சார். ரெண்டு புத்தகம் தந்தாங்க.”

“என்ன புத்தகம்?”

அவள் திணறினாள். இல்லாத புத்தகத்துக்குப் பெயர் எங்கிருந்து வரும்? என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பிள்ளை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய் இன்னும் ஒரு கேள்வி வரைக்கும்தான் தாங்கும். பிடிபட்டால் அவள்தான் பொய்க்காரி ஆவாள், நான் இல்லை. வெளியே வந்தால் விதியை மீறினோம் என்று தெரிந்துபோகும். வராவிட்டால் அவள் பெயர் கெடும். என் அட்டையில் இதற்குக் கட்டம் கிடையாது. நான் எழும்பினேன். எழும்பிய வேகத்தில் நாற்காலி பீரோவில் மோதி, மேலே இருந்த பழைய விடைத்தாள் கட்டு ஒன்று கீழே விழுந்தது.

“யாரு அது?” என்றார் தலைவர்.

கேமராவின் முன்னால் போய் நின்றேன். “லெட்டர் எழுதினவ” என்றேன். இதைவிட நன்றாக அறிமுகம் செய்துகொண்டிருக்கலாம்தான், வாயில் அதுதான் வந்தது. “நான் புத்தகம் ஒண்ணும் குடுக்கல்ல சார். எனக்குப் பதில் தெரியாது. சிலபஸ்ல இல்லேன்னு சொல்லி உக்கார வச்சேன். இந்தப் பிள்ள எனக்காகப் பொய் சொல்லுது.”

அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அறையில வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே மேடம்” என்றார் தலைவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நாங்க பேசிட்டுத் தகவல் சொல்றோம்.” திரை அணைந்துவிட்டது.

நான் செய்தது பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஷைனி அழுதுகொண்டிருந்தாள்.

“என்னத்துக்கு மேடம் எழும்பி வந்தீங்க? லைப்ரரியில நானா எடுத்த ரெண்டு புத்தகம் இருக்கு. அதுக்க பேரு நாக்கு வரைக்கும் வந்திட்டு. சொல்லியிருப்பேன்.”

கீழே கிடந்த விடைத்தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். எழும்பியது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில நாள் சரி என்று தோன்றும். சில நாள், இத்தனை வருடம் பிள்ளைகளைப் பேசவிடாத பழக்கத்தில் அன்றைக்கும் அவளைப் பேசவிடவில்லை என்று தோன்றும். இப்படிப்பட்ட இடங்களில் சரியான பதில் என்று ஒன்று பின்னால் வந்து சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

மணி மூன்றே கால். எம்.இ. இடத்தை உறுதி செய்ய இன்னும் நேரம் இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். உறுதி செய், விட்டுவிடு என்று இரண்டு பொத்தான்கள்.

“மேடம், எத அமுக்கணும்?”

இதற்கு முன்னால் யார் கேட்டிருந்தாலும் அம்புக்குறியைக் காட்டியிருப்பேன். அன்றைக்கு அவளுடைய ஆராய்ச்சி இடத்தை நானே பாதி கெடுத்து வைத்திருந்தேன். உறுதி செய் என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம். எனக்குப் பதற்றமும் வெப்ராளமும் தாங்கவில்லை. அவளுடைய அப்பா கடலில். என் வார்த்தையை நம்பி அந்தக் குடும்பம் இருக்கிறது.

“எனக்குத் தெரியாது மக்ளே” என்றேன்.

அந்த வார்த்தையை ஒரு மாணவியிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவருகே போய் மஞ்சள் அட்டையை மேலிருந்து கீழே நிதானமாக வாசித்தாள்.

“இதுல எனக்குக் கட்டம் இல்ல மேடம்.”

“இல்ல” என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். நாலு ஐம்பதுக்கு, விட்டுவிடு என்பதை அமுக்கினாள். அவள் பையை எடுத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. வந்தவர்களிடம் எனக்குத் தலைவலி என்றேன். தலைவலியும் உண்மையாகவே இருந்தது. பத்தாம் நாள் அந்தத் தலைவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. “நீங்கள் அனுப்பிய கடிதம் யாரைப் பற்றியது என்று எங்களுக்குப் புரியவில்லை. உங்கள் மாணவியைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அனுப்ப முடியுமா?”

யாரைப் பற்றியது? அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய ஃபைலை எடுத்தேன். என் பேராசிரியர் எனக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் கார்பன் நகல் அதில் இருந்தது. மங்கிப் போயிருந்தாலும் படிக்க முடிந்தது. “அடக்கமானவர். ஆசிரியர் சொல்லைத் தட்டாதவர். வகுப்பில் தேவையற்ற கேள்விகள் கேட்டு நேரத்தை வீணாக்காதவர்.” நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் வாழ்நாள் முழுவதும் அதையே எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கடிதம் என்னைப் பற்றியது. பிள்ளைகளின் பெயரைப் போட்டு, கூரையைப் பற்றிக் கேட்காமல் “சரி சார்” என்று திரும்பி வந்த அந்தப் பெண்ணைத்தான் இத்தனை காலமும் ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன். அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்போது சாயங்கால ட்யூஷனுக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மணியடித்ததால் அழுகையையும் ஒழுங்காக முடிக்க முடியவில்லை.

புதுக் கடிதம் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. பத்து நிமிடத்தில் கடிதம் எழுதுகிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு மூன்று நாள். அடக்கம், ஒழுக்கம் என்று விரல் தானாகவே தட்டும். அழித்து அழித்துக் கடைசியில் மிஞ்சியது நாலு வாக்கியம்தான். ஷைனி என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதை நான் அவளிடம் சொல்லவும் இல்லை. நான் உட்கார வைத்த பிறகும் அவள் அந்தக் கேள்வியை விடவில்லை, தானாகவே நூலகத்தில் தேடியிருக்கிறாள். அவளைச் சேர்த்துக்கொண்டால் அவள் உங்களையும் நிம்மதியாக இருக்கவிடமாட்டாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் மஞ்சள் அட்டையைக் கழற்ற முயன்றேன். லேமினேஷன் நன்றாக ஒட்டியிருந்ததால் கதவின் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த அறையில் இப்போது உங்களில் யாரோ இருக்கிறீர்கள். கதவில் பெரிய சதுரமாகத் தெரிகிற தழும்புக்கு நான்தான் காரணம்.

அதனால் துறைத் தலைவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். உங்கள் முன்னால் வந்து நிற்கிற பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், உனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இந்த இரண்டாவது காரியம்தான். ஒன்றும் இல்லை என்று சொன்னால் எம்.இ.க்குத் தைரியமாக அனுப்புங்கள். அது நல்ல படிப்பு, நல்ல வேலை கிடைக்கும், அதில் ஒரு குறைவும் கிடையாது. ஏதோ இருக்கிறது என்று இழுத்தால், அடுத்த வகுப்புக்கு மணியடித்தாலும் பரவாயில்லை, உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.

ஷைனி எம்.எஸ். முடித்துவிட்டு அதே கேள்வியில் மேலே படித்துக்கொண்டிருக்கிறாள். பதில் கிடைத்ததா என்று ஒரு தடவை கேட்டேன். “ஒரு பக்கத்துக்குக் கிட்டிச்சு மேடம். மறுபக்கத்துக்கு இன்னும் இல்ல” என்றாள். சித்தி வீட்டுப் பக்கம்தான் இன்னும் பிடிபடவில்லையாம். ஊருக்கு வரும்போதெல்லாம் கரையை அளப்பாள். அளவுகள் போட்ட நெடுங்கம்பு ஒன்றை மணலில் நிறுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். போன மாதமும் இந்த மாதமும் நான் போய்ப் பிடித்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியர், தங்கப் பதக்கம் வாங்கியவர், சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, “இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போங்க மேடம்” என்று சொன்னால் போகிறார். சொல்லைத் தட்டாத குணம் கடைசியில் இதற்காவது பயன்படுகிறது.

இந்த மாதம் கடல் குளம்போலக் கிடந்தது. அளந்து முடிக்கப்போகிற நேரம், சித்தி வீட்டுப் பக்கம் மணலைப் பார்த்தேன். போன மாதம் நான் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்.

“ஷைனி, போன மாசம் அலை அவ்வளவு பெருசா இருந்துது. அப்பம் மண்ணு இவ்வளவு போகல. இந்த மாசம் கடலு சும்மா கிடக்கு. இப்பம்தான கூடுதல் போயிருக்கு? அது ஏன்?”

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“கொள்ளாமே! நல்ல கேள்வி மேடம். இருங்க, எழுதிக்கிடுகேன்.”

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் ஆசிரியையாக இருந்திருக்கிறேன், அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் மாணவியாக இருந்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்படி நான் ஒன்றும் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. எதிரே அவளும் கடலும் கலங்கித் தெரிந்தன.

“மேடம், கம்பு சாயுது” என்றாள் ஷைனி. “நேரா பிடியுங்க.”

“சரி” என்று நேராகப் பிடித்தேன்.